குழுவில் யார் யாரை எப்படிப் பார்க்கிறார்கள்: மதிப்பெண்களைப் பிரித்துப் படிக்க ஒரு தொடக்க வழிகாட்டி

ஒரு குழுவில் இருக்கும் எல்லாரிடமும் படிவம் கொடுத்து, "மற்றவர்கள் ஒவ்வொருவரும் எவ்வளவு நம்பகமானவர்? 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுங்கள்" என்று கேட்கிறோம். படிவங்கள் திரும்பி வந்ததும் கை தானாகச் செய்யும் வேலை, ஒவ்வொருவரும் வாங்கிய மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி எடுப்பதுதான். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒருவர் இன்னொருவருக்குப் போட்ட 6 என்ற எண்ணுக்குள் மூன்று சங்கதிகள் கலந்திருக்கின்றன. போட்டவர் எல்லாருக்குமே தாராளமாகப் போடுகிறவராக இருக்கலாம். வாங்கியவர் எல்லாரிடமும் நல்ல பெயர் எடுத்தவராக இருக்கலாம். இரண்டும் இல்லாமல், இந்த இருவருக்குள் மட்டும் ஒரு தனி ஒட்டுதல் இருக்கலாம். இந்த மூன்றையும் பிரிக்காமல் எந்த முடிவுக்கு வந்தாலும் அது யாரைப் பற்றிய முடிவு என்றே சொல்ல முடியாது.

பிரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சமூக உறவு மாதிரி என்று பெயர். வார்னர், கென்னி, ஸ்டோட்டோ மூவரும் 1979இல் இதற்கான கணக்கு முறையை வெளியிட்டார்கள். 1984இல் கென்னியும் லா வோயும் அதை முழு வடிவில் விளக்கினார்கள். அடிப்படை ஒரே வரிதான்:

மதிப்பெண் = குழுவின் பொதுச் சராசரி + பார்ப்பவர் விளைவு + பார்க்கப்படுபவர் விளைவு + உறவு விளைவு

பள்ளி அளவுக் கூட்டல் கழித்தல் தெரிந்தால் இதன் முதல் பாதியைக் கையாலேயே போட்டுவிடலாம். போட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. மென்பொருளிடம் நேராகப் போகிறவர்களுக்குக் கடைசிவரை அது என்ன செய்தது என்பது பிடிபடுவதில்லை.

முதல் படி: கேள்வியைத் தெளிவாக்குங்கள்

"குழுவில் உறவு எப்படி இருக்கிறது" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. கீழே உள்ளவற்றில் உங்களுக்கு எது வேண்டும் என்று பாருங்கள்.

ஒருவரைப் பற்றி மற்றவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி நினைக்கிறார்களா? அப்படியானால் உங்கள் கேள்வி ஒருமித்த கருத்து பற்றியது. பார்க்கப்படுபவர் விளைவைப் பார்க்க வேண்டும். ஒருவர் எல்லாரையும் ஒரே கண்ணாடி போட்டுப் பார்க்கிறாரா? அது பார்ப்பவர் விளைவு. நான் உன்னைத் தனியாக நம்பினால் நீயும் என்னைத் தனியாக நம்புகிறாயா? அது உறவு விளைவுகளுக்கு இடையேயான பரிமாற்றம். இந்த மூன்றில் எது வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் படி: எல்லாரும் எல்லாரையும்

தரவு சேகரிப்பில் மிக எளிய அமைப்பு ரவுண்ட் ராபின். லீக் போட்டியில் ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் மோதுவது போல, ஒவ்வொருவரும் மற்ற எல்லாரையும் மதிப்பிடுவார்கள். தன்னைத் தானே மதிப்பிடுவது கணக்கில் சேராது. அதைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம், பின்னால் உதவும்.

ஒரு குழுவில் குறைந்தது 4 பேர் வேண்டும். இது யாரோ வசதிக்காக வைத்த விதியல்ல. 3 பேர் மட்டும் இருந்தால், பார்ப்பவர், பார்க்கப்படுபவர் விளைவுகளைப் பிரித்தபின் மீதியைக் கணக்கிடத் தேவையான கட்டின்மை எண் (சுதந்திரமாக மாறக்கூடிய எண்கள் எத்தனை மிஞ்சுகின்றன என்ற கணக்கு) பூஜ்ஜியமாகி, சூத்திரத்தில் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டி வரும். 4 பேர் என்பது கணக்கு ஓடுவதற்கான எல்லை மட்டுமே. நம்பும்படியான முடிவு வேண்டுமானால் குழுவில் ஆள் கூட வேண்டும், அதைவிட முக்கியமாகக் குழுக்களின் எண்ணிக்கை கூட வேண்டும். ஒரே ஒரு பெரிய குழுவைவிட நடுத்தர அளவில் பல குழுக்கள் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

ஆனால் ஆள் கூடக் கூடப் படிவம் நீளும். 8 பேர் குழுவில் 10 கேள்வி கேட்டால், ஒவ்வொருவரும் 7 பேருக்கு 10 வீதம் 70 மதிப்பெண் போட வேண்டும். நாற்பதைத் தாண்டியதும் மனிதர்கள் சலிப்பில் எல்லாருக்கும் ஒரே எண்ணைப் போடத் தொடங்கிவிடுவார்கள் என்பது என் அனுமானம். அந்தச் சலிப்பு உங்கள் கணக்கில் பார்ப்பவர் விளைவாக வந்து உட்காரும். அதனால் கேள்விகளைக் குறையுங்கள்.

குறைக்கலாம், ஆனால் ஒன்றாக்கிவிடாதீர்கள். ஒரே கேள்வி என்றால், உறவு விளைவையும் தற்செயல் பிழையையும் பிரிக்கவே முடியாது. ஒருவர் அசதியில் 5க்குப் பதில் 6 போட்டாலும் அது உறவு என்றே கணக்காகும். ஒரே பண்பை இரண்டு கேள்விகளால் அளந்தாலோ, அதே கேள்வியை இரண்டு தடவை வெவ்வேறு நாளில் கேட்டாலோ, இரண்டிலும் நிலைத்து நிற்பது உறவு, மாறிப்போவது பிழை என்று பிரிக்க வழி கிடைக்கும்.

ரகசியத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண கருத்துக்கணிப்பில் பெயரை நீக்கினால் போதும். இதில் யார் யாருக்குப் போட்டார்கள் என்பதுதான் தரவே. ஆகவே பெயருக்குப் பதில் குறியெண் கொடுத்து, குறியெண் பட்டியலைத் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். படிவத்தை ஆளுக்கு ஆள் தள்ளி உட்கார்ந்து நிரப்பட்டும். "எனக்கு யார் குறைவாகப் போட்டது?" என்று கேட்டு வருவார்கள், நிச்சயம் வருவார்கள். சொல்ல மாட்டோம் என்பதை ஒப்புதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். 4 பேர், 5 பேர் குழுவில் சராசரியைச் சொன்னால்கூட அவர்களே ஊகித்துவிடுவார்கள்.

மூன்றாம் படி: அட்டவணை போடுங்கள், கையால் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்

க, ச, த, ப என்று நால்வர். வரிசையில் இருப்பவர் மதிப்பெண் போடுகிறார். மேலே இருப்பவர் வாங்குகிறார். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை.

| போடுபவர் | க | ச | த | ப | சராசரி |
|---|---|---|---|---|---|
| க | – | 6 | 5 | 7 | 6 |
| ச | 4 | – | 3 | 5 | 4 |
| த | 5 | 4 | – | 6 | 5 |
| ப | 3 | 5 | 1 | – | 3 |
| வாங்கிய சராசரி | 4 | 5 | 3 | 6 | 4.5 |

க தாராளப் பேர்வழி, ப கறார் பேர்வழி என்று பார்த்ததுமே தெரிகிறது. இப்போது ஒரு கேள்வி: க குழுவில் சராசரிக்குக் கீழே மதிக்கப்படுகிறாரா? வாங்கிய சராசரி 4, பொதுச் சராசரி 4.5. ஆம் என்றுதான் தோன்றும்.

அவசரப்படாதீர்கள். க தனக்குத் தானே போட்டுக்கொள்ளவில்லை. அதாவது மற்ற மூவரும் தாராளமான க கையால் மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். க ஒருவருக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லை. அவர் கையில் கிடைத்ததெல்லாம் மற்ற மூவரின் மதிப்பெண்கள்தான். ப விஷயத்தில் நேர்மாறு: கறாரான ப தனக்குப் போடவில்லை, அதனால் அவருடைய சராசரி கொஞ்சம் உப்பித் தெரிகிறது. இந்தக் கோணலைச் சரிசெய்யத்தான் சூத்திரம்.

குழுவின் ஆள் எண்ணிக்கையை எ என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் பார்க்கப்படுபவர் விளைவுக்கு மூன்று துண்டுகள் வேண்டும்: அவர் வாங்கிய சராசரியை (எ−1)² ÷ எ(எ−2) என்பதால் பெருக்குங்கள், அவர் போட்ட சராசரியை (எ−1) ÷ எ(எ−2) என்பதால் பெருக்கிக் கூட்டுங்கள், பொதுச் சராசரியை (எ−1) ÷ (எ−2) என்பதால் பெருக்கிக் கழியுங்கள். பார்ப்பவர் விளைவுக்கு முதல் இரண்டு சராசரிகளையும் இடம் மாற்றினால் போதும். நால்வர் குழுவில் அந்தப் பெருக்கெண்கள் 9/8, 3/8, 3/2.

க வாங்கியது 4, போட்டது 6. ஆக 4.5 + 2.25 − 6.75 = 0. அதாவது க சராசரிக்குக் கீழே இல்லை, சரியாகச் சராசரியில் இருக்கிறார். மற்றவர்களுக்கும் போட்டால்:

| | பார்ப்பவர் விளைவு | பார்க்கப்படுபவர் விளைவு |
|---|---|---|
| க | +1.5 | 0 |
| ச | −0.375 | +0.375 |
| த | 0 | −1.5 |
| ப | −1.125 | +1.125 |

இரண்டு பத்திகளும் கூட்டினால் பூஜ்ஜியம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிசகு.

இனி உறவு விளைவு. மதிப்பெண்ணிலிருந்து பொதுச் சராசரியையும், போட்டவரின் பார்ப்பவர் விளைவையும், வாங்கியவரின் பார்க்கப்படுபவர் விளைவையும் கழித்தால் மிஞ்சுவதுதான். அட்டவணையிலேயே பெரிய எண், க ப-வுக்குப் போட்ட 7. அதில் 4.5 + 1.5 + 1.125 கழிய, மிச்சம் −0.125. அதாவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எல்லாருக்கும் அள்ளிக் கொடுப்பவர், எல்லாரிடமும் பெயர் வாங்கியவருக்குக் கொடுத்த 7 அது. அதில் தனிப்பட்ட பாராட்டு துளியும் கிடையாது.

இப்போது ப ச-வுக்குப் போட்ட 5-ஐ எடுங்கள். கண்ணில் படாத எண், பொதுச் சராசரியைவிட அரைப் புள்ளிதான் கூட. கழித்துப் பாருங்கள்: 5 − 4.5 + 1.125 − 0.375 = 1.25. மொத்த அட்டவணையிலும் பெரிய உறவு விளைவு இதுதான். கறாரான ஆள், ச-வை மட்டும் தனியாக மதிக்கிறார். பதிலுக்கு ச? ப-வுக்குப் போட்டதும் அதே 5 தான், ஆனால் அதன் உறவு விளைவு −0.25. வெளியே இரண்டு 5, உள்ளே ஒரு பக்கத்து மதிப்பு மட்டும்.

நான்காம் படி: யாருடைய பங்கு எவ்வளவு

தனி ஆட்களின் விளைவு ஆய்வின் முடிவு அல்ல. நமக்கு வேண்டியது, மதிப்பெண்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் எத்தனை சதவீதம் பார்ப்பவரால், எத்தனை பார்க்கப்படுபவரால், எத்தனை உறவால் என்பது. இதற்கு ஒவ்வொரு விளைவின் வேரியன்ஸையும் (பள்ளிப் பாடத்தில் விலக்க வர்க்கச் சராசரி என்று படித்தது) எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி. மேலே உள்ள பார்ப்பவர் விளைவுகளுக்கு அப்படியே வேரியன்ஸ் எடுத்தால் (4ஆல் அல்ல, ஒன்று குறைத்து 3ஆல் வகுத்து) 1.22 வரும். அது மிகை. குழுவில் ஆட்கள் கொஞ்சமாக இருப்பதால், உறவு விளைவுகளில் ஒரு பங்கு ஒழுகி இதில் சேர்ந்திருக்கிறது. அந்த ஒழுகலைக் கழித்தால் 0.92 தான் மிஞ்சும். நம் எடுத்துக்காட்டில் பார்க்கப்படுபவருக்கும் தற்செயலாக அதே 0.92; உறவுக்கு 0.83. சதவீதமாக 34.4, 34.4, 31.2. கழிக்கும் சூத்திரம் நீளமானது, அதை மென்பொருளிடம் விட்டுவிடலாம். கழிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கழிப்பதால் சில நேரம் வேரியன்ஸ் மைனஸில் வரும். முதல் தடவை பார்க்கும்போது பதறிப்போவார்கள். உண்மையான வேரியன்ஸ் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மதிப்பீடு இப்படிச் சறுக்குவது இயல்பு. அதைப் பூஜ்ஜியமாகவே வைத்துக்கொள்வது வழக்கம். அப்படி வைத்தோம் என்று அறிக்கையில் சொல்லிவிட வேண்டும்.

என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பங்குகள் மாறும். கலகலப்பாகப் பழகுவது போன்ற வெளியே தெரியும் குணங்களில், பழக்கமே இல்லாதவர்கள்கூட ஓரளவு ஒத்துப்போகிறார்கள். பார்க்கப்படுபவர் பங்கு தலைதூக்கும். ஒருவரை எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டால் உறவின் பங்கு பெருத்துவிடும். உங்கள் தரவில் இது தலைகீழாக வந்தால், கண்டுபிடிப்பு என்று குதிப்பதற்கு முன்னால் தரவுப் பதிவில் போட்டவர், வாங்கியவர் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு தடவை சரிபாருங்கள்.

ஐந்தாம் படி: பரிமாற்றம் இரண்டு வகை

முதலாவது பொதுப் பரிமாற்றம்: எல்லாரையும் உயர்வாகப் பார்ப்பவர் எல்லாராலும் உயர்வாகப் பார்க்கப்படுகிறாரா? இது ஒருவரின் பார்ப்பவர் விளைவுக்கும் அதே ஆளின் பார்க்கப்படுபவர் விளைவுக்கும் உள்ள ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை −1 முதல் +1 வரை சொல்லும் எண்). இரண்டாவது இணைப் பரிமாற்றம்: நான் உன்னைக் குறிப்பாக உயர்வாகப் பார்த்தால் நீயும் என்னை அப்படியே பார்க்கிறாயா? இது ஒரு ஜோடியின் இரண்டு உறவு விளைவுகளுக்கு இடையே உள்ள ஒட்டுறவு.

இரண்டையும் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நட்பு ஆராய்ச்சியே சாட்சி. பிடித்தவர்களுக்கு நம்மையும் பிடிக்கும் என்பது எல்லாரும் நம்புகிற விஷயம். ஆனால் எதையும் பிரிக்காமல் பச்சை மதிப்பெண்களையே ஒட்டுறவு பார்த்த ஆய்வுகளில் அது பலவீனமாகவே வந்துகொண்டிருந்தது. 1982இல் கென்னியும் லா வோயும், பார்ப்பவர், பார்க்கப்படுபவர் விளைவுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இணைப் பரிமாற்றம் தெளிவாகத் தெரிகிறது என்று காட்டினார்கள். எல்லாருக்கும் பிடித்த ஒருவர், தன்னைப் பிடிக்கும் அத்தனை பேரையும் திரும்பப் பிடித்துக்கொள்ள முடியாதல்லவா? அந்தச் சமச்சீரின்மைதான் ஜோடிக்குள் இருந்த உறவை மறைத்துக்கொண்டிருந்தது.

நம் நால்வர் அட்டவணையில், திருத்தங்கள் போக, பொதுப் பரிமாற்றம் −0.59, இணைப் பரிமாற்றம் −0.1. பார்த்ததும் கதை கட்டத் தோன்றும்: கறாரானவர்களைத்தான் உலகம் நம்புகிறது என்று. 4 பேரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மென்பொருள்

புள்ளியியல் கணக்குக்கான ஆர் (R) நிரல் மொழியில் டிரிபிள்ஆர் (TripleR) என்ற இலவசத் தொகுப்பு இதற்கென்றே இருக்கிறது. ஷோன்ப்ராட், பேக், ஷ்முக்லே மூவரும் 2012இல் அதை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். மேலே காட்டிய சதுர அட்டவணையாகத் தரவைக் கொடுக்காமல், நீள வடிவில் கொடுப்பது நல்லது: ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு வரி, அந்த வரியில் குழு எண், போட்டவர், வாங்கியவர், மதிப்பெண் என்று நான்கு பத்தி. ஒருவருக்கு இரண்டு இடத்திலும் ஒரே குறியெண் இருக்க வேண்டும். போட்டவராக 07 என்றும் வாங்கியவராக 7 என்றும் இருந்தால் மென்பொருள் இரண்டு ஆட்களாக எடுத்துக்கொள்ளும்.

பல நிலை மாதிரி (குழுக்களுக்குள் அடங்கிய தரவுக்கான புள்ளியியல் முறை) தெரிந்தவர்கள், "போட்டவர், வாங்கியவர் இரண்டையும் குறுக்கு வெட்டும் தற்செயல் விளைவாகப் போட்டால் முடிந்ததே" என்பார்கள். பங்குகளைப் பிரிக்க அது ஓரளவு போதும். ஆனால் சாதாரணமாகப் போட்டால் போட்டவரும் வாங்கியவரும் ஒரே ஆள் என்பது அந்த மாதிரிக்குத் தெரியாது. இரண்டு பரிமாற்றங்களும் கைக்கு வராது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும், 1999இல் ஸ்னைடர்ஸும் கென்னியும் அதைக் காட்டியிருக்கிறார்கள். புதியவர்கள் டிரிபிள்ஆரிலேயே தொடங்கலாம்.

விட்டுப்போன மதிப்பெண்கள் இந்த முறையின் தலைவலி. ஒருவர் படிவமே தராவிட்டால் அவர் வரிசையை மட்டும் நீக்கினால் போதாது, அவர் வாங்கிய மதிப்பெண்களையும் சேர்த்து நீக்க வேண்டும். 5 பேர் குழுவில் இருவர் வராவிட்டால் அந்தக் குழுவே போய்விடும். அதனால்தான் படிவம் வாங்கும் நாளில் ஒரு இடம்கூடக் காலியாக விடாமல் கூடவே நின்று சரிபார்ப்பது, பின்னால் செய்யும் எந்த ஒட்டுவேலையையும்விட மேல்.

முக்கியத்துவச் சோதனைக்கு, அதாவது கிடைத்த முடிவு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் சோதனைக்கு வருவோம். 4 பேர் 12 மதிப்பெண் போட்டால் அது 12 தனித்தனித் தரவு அல்ல. ஒவ்வொரு எண்ணும் மற்றவற்றோடு பின்னிக் கிடக்கிறது. சாதாரண ஒட்டுறவுச் சோதனையைப் போட்டால், இல்லாத முக்கியத்துவம் இருப்பதாகக் காட்டும். பல குழுக்கள் இருந்தால், ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரு வேரியன்ஸ் எடுத்து, குழுக்களை அலகாக வைத்து, அவற்றின் சராசரி பூஜ்ஜியத்திலிருந்து விலகியிருக்கிறதா என்று டி சோதனை (t-test) செய்வதுதான் நேரான வழி. குழுக்களின் எண்ணிக்கையை முன்பே வலியுறுத்தியதற்குக் காரணமும் இதுதான்.

இதன் மேல் என்ன கட்டலாம்

சுயமதிப்பீட்டைக் கேட்டு வைத்திருந்தால், அதைப் பார்க்கப்படுபவர் விளைவோடு ஒட்டுறவு பாருங்கள்: நான் என்னைப் பார்ப்பதும் குழு என்னைப் பார்ப்பதும் ஒன்றா என்று தெரியும். அதையே பார்ப்பவர் விளைவோடு பார்த்தால், மற்றவர்களிடம் என்னையே காண்கிறேனா என்பது தெரியும். ஒரே ஒரு கூடுதல் கேள்விக்கு இரண்டு விடை, விடக்கூடாத பேரம்.

"அவர் உங்களுக்கு எவ்வளவு போட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?" என்றும் கேட்கலாம். கென்னியும் டெபாலோவும் 1993இல் இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தன்னைப் பற்றிப் பொதுவாக என்ன நினைக்கிறார்கள் என்பது மனிதர்களுக்கு ஓரளவு தெரிகிறது, யார் குறிப்பாக என்ன நினைக்கிறார் என்பதுதான் அவ்வளவாகத் தெரிவதில்லை என்று கண்டார்கள். இந்தக் கேள்வியைச் சேர்த்தால் படிவம் இரட்டிப்பாகும். முதல் ஆய்வில் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். இதுவரை சொன்னதெல்லாம் குழுவில் எல்லாரும் ஒரே தட்டில் இருக்கும்போது பொருந்தும்: சக மாணவர்கள், சக ஊழியர்கள். அம்மா, அப்பா, மூத்த பிள்ளை, இளைய பிள்ளை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பாத்திரம் இருந்தால், எல்லாரையும் ஒரே கூடையில் போட்டு வேரியன்ஸ் எடுக்கக் கூடாது. அங்கே அம்மாவின் பார்ப்பவர் விளைவு, அப்பா–இளைய பிள்ளை உறவு விளைவு என்று ஒவ்வொன்றும் தனித்தனி அளவு. நால்வர் குடும்பத்தில் 12 மதிப்பெண்களையும் 12 மாறிகளாக வைத்து, நிறைய குடும்பங்களைத் திரட்டி, காரணிப் பகுப்பாய்வு (பல மாறிகளுக்குப் பின்னால் இருக்கும் பொதுக் காரணிகளைப் பிரித்தெடுக்கும் முறை) வழியில் போக வேண்டும். மேலதிகாரியும் அவருக்குக் கீழே வேலை செய்பவர்களும் கலந்த குழு கிடைத்தால், எந்த வழியில் போவது என்று தரவு சேகரிக்கும் முன்பே முடிவெடுங்கள். மேலதிகாரியை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் ரவுண்ட் ராபினில் சேர்ப்பது பெரும்பாலும் போதுமானது.